ஓலைக் கணக்கிலிருந்து தேர்ச்சிச் சான்றிதழ் வரை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, இஞ்சிவிளையில் கேரளத்தை விட்டுக் களியக்காவிளையில் தமிழ்நாட்டினுள் புகுகிறது. அந்த எல்லையை ஒட்டி, கேரளத்தின் பக்கத்தில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று காரக்கோணம். ரப்பரும் தென்னையும் மரவள்ளியும் செழிக்கும் மண் அது. தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில், சில வேளை ஒரே வாக்கியத்தில், கலந்து ஒலிக்கும் ஊர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் தென்பகுதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்தது. உறவுகள் இருபுறமும் இருந்தன.

இத்தகைய ஊர்களிலிருந்து சென்ற நூற்றாண்டில் வெளியூர் புறப்பட்ட இளைஞர்கள் பலர். அவர்களுடைய தகரப் பெட்டியில் இரண்டு வேட்டிகளும், ஊறுகாய் ஜாடியும், ஓர் உறையில் மடித்து வைத்த தேர்ச்சிச் சான்றிதழும் இருந்தன. தட்டெழுத்தில் தேர்ச்சி, சுருக்கெழுத்தில் தேர்ச்சி, கணக்குப் பதிவில் தேர்ச்சி என்று அதில் எழுதியிருக்கும். நிலம் இல்லாதவனுக்கு அதுவே நிலம். சிபாரிசு இல்லாதவனுக்கு அதுவே சிபாரிசு. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு அப்படிப்பட்ட ஒரு காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எழுத்து, கணக்கு, தீயணைப்பு, நிர்வாகம் என்னும் நான்கும் இன்று தொழிற்கல்லூரிகளில் பாடங்களாக உள்ளன. கட்டணம் செலுத்தி, படித்து, தேர்வு எழுதி எவரும் சான்றிதழ் பெறலாம். ஆனால் இவை எப்போதும் இவ்வாறு எவருக்கும் திறந்த பாடங்களாக இருந்தனவா? இல்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின், ஒரு வகுப்பின், அல்லது ஒரு கூட்டத்தின் உடைமையாக இருந்தது. அது பொதுப்பாடமாக மாறிய கதையையே இவ்வுரையில் சொல்ல விழைகிறேன்.

முதலில் எழுத்தையும் கணக்கையும் பார்ப்போம். மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லை இங்கே நினைவூட்டலாம். பழந்தமிழில் ஆசிரியருக்குக் ‘கணக்காயர்’ என்று ஒரு பெயர் உண்டு. எழுத்தறிவிப்பவனும் கணக்கறிவிப்பவனும் ஒருவனே என்னும் கருத்து அப்பெயரில் பொதிந்துள்ளது. கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் அத்தகையவரே. எண்சுவடியை மனப்பாடம் செய்து, மாகாணி என்னும் பதினாறில் ஒரு பங்கையும், முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கையும் மனத்திலேயே பெருக்கி வகுத்து, எழுத்தாணியால் ஓலையில் பொறித்தார். தந்தையிடமிருந்து மகன் கற்றான். அந்த வீட்டுக்கு வெளியே அந்தக் கல்வி எளிதில் செல்லவில்லை.

திருவிதாங்கூர் இத்தகைய ஓலைகளின் நாடு. ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகளும், நாஞ்சில் நாட்டு அழகியபாண்டிபுரம் முதலியார் குடும்பத்து ஓலைகளும் வரி, நிலம், நீர்ப்பாசனம், வழக்கு ஆகியவற்றின் செய்திகளை நமக்குப் பாதுகாத்துத் தந்துள்ளன. அவற்றை எழுதியோரின் திறமை வியக்கத்தக்கது. ஆனால் எழுதத் தெரிந்தவன் சிலனாகவும், எழுதப்பட்டவன் பலனாகவும் இருந்த சமுதாயம் அது. தன் நிலத்துக்கு எவ்வளவு வரி என்று ஓலையில் பொறித்திருந்தது. உழுதவனால் அதைப் படிக்க இயலவில்லை.

1817ஆம் ஆண்டில் ராணி கௌரி பார்வதி பாயி, கல்விச் செலவை அரசே ஏற்கவேண்டும் என்று ஆணை பிறப்பித்தார். அதே காலத்தில் லண்டன் மிஷன் ஊழியர்கள் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பாறசாலையிலும் நிலையங்கள் அமைத்தனர். சார்லஸ் மீட் அச்சுக்கூடம் நிறுவினார். 1820களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் ஏழைச் சிறுமியர்க்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். 1860களில் டாக்டர் ஜான் லோ, நெய்யூர் மருத்துவ நிலையத்தில் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்த நெய்யூர் மரபில் பின்னர் வந்தவர், 1922லும் 1924லும் எவரெஸ்ட் மலையேற்றக் குழுக்களில் இடம்பெற்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல். அவர் பெயரால் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று காரக்கோணத்தில் நிற்கிறது. தொழிலைப் பாடமாகக் கற்பிக்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று என்பதற்கு இவையெல்லாம் சான்று.

ஆயினும் கதவு எளிதில் திறக்கவில்லை. மேலாடை அணியும் உரிமைக்கே தென்திருவிதாங்கூர்ப் பெண்கள் 1859ஆம் ஆண்டின் அரசு ஆணை வரையில் போராட வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஊருட்டம்பலத்தில், 1910களில், அய்யன்காளி என்னும் பெருந்தலைவர் பஞ்சமி என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுமியைக் கைப்பிடித்து அரசுப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அரசாணை அவர் பக்கம் இருந்தது. ஊர் அவர் பக்கம் இல்லை. அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தனர். ஒரு சிறுமி பெஞ்சில் அமர்ந்தாள் என்பதற்காக ஒரு பள்ளி எரிந்தது. அந்த வட்டாரத்தில் எழுத்தறிவு என்பது என்ன விலை பெற்றது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சி உணர்த்தும். பின்னாளில் அந்தப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியுள்ளனர்.

இனி, தேர்வு என்னும் புதிய வாயிலைக் காண்போம். 1886ஆம் ஆண்டில் சென்னையில் பச்சையப்பன் அறநிலையத்தின் அறங்காவலர்கள் ஒரு வணிகப் பள்ளியைத் தொடங்கினர். இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி என்று அதனைக் குறிப்பர். கடிதம் எழுதுதல், கணக்குப் பதிதல் போன்றவை வீட்டுத் தொழில் என்னும் நிலையிலிருந்து வகுப்பறைப் பாடம் என்னும் நிலைக்கு வந்தன. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையும், அமெரிக்காவில் 1870களில் விற்பனைக்கு வந்த தட்டெழுத்துப் பொறியும் சேர்ந்து, அலுவலகத்தின் முகத்தையே மாற்றின. சென்னை அரசு நடத்திய தொழில்நுட்பத் தேர்வுகளில் கீழ்நிலை, மேல்நிலை என்று படிகள் ஏற்பட்டன. தமிழ்நாட்டு அரசுத் தேர்வில் ஆங்கிலத் தட்டெழுத்துக்கு நிமிடத்திற்கு 30 சொல் என்பது கீழ்நிலை; 45 சொல் என்பது மேல்நிலை. சுருக்கெழுத்திலோ 80 சொல்லில் தொடங்கி 120 சொல்லுக்கும் அப்பால் படிகள் உயர்கின்றன.

இந்த அளவுகோலின் சிறப்பு யாது? கடிகாரத்துக்குக் குலம் தெரியாது. நிமிடத்துக்கு 45 சொல்லைப் பிழையின்றி அடித்தவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று அது கேட்பதில்லை. மாடியறையில் ஆறு பழைய பொறிகளை வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி நடந்த தட்டெழுத்துப் பயிலகம், பெரிய கல்லூரிக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியாயிற்று. பெண்கள் தனியே சென்று கற்கப் பெற்றோர் இசைந்த முதல் சில இடங்களுள் அதுவும் ஒன்று. தமிழுக்கும் ஒரு தட்டெழுத்துப் பொறி வேண்டும் என்று முனைந்து, 1930களில் அதனை உருவாக்கித் தந்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த ஆர். முத்தையா. அவரும் ஒரு புலம்பெயர்ந்தவர் என்பது நினைக்கத்தக்கது.

கணக்கின் கதை வேறொரு பாடத்தையும் சொல்கிறது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி நொடித்தது. விதவைகளும் ஓய்வூதியக்காரரும் போட்டு வைத்த பணம் மறைந்தது. அந்தத் துயரத்தின் விளைவாகவே 1907இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி மூடப்பட்டபோது, அதே துயரம் திருவிதாங்கூர்க் குடும்பங்கள் பலவற்றின் வாயிலில் வந்து நின்றது. நம்பிக்கை மட்டும் போதாது, கணக்கை வேறொருவர் பார்த்துச் சரி சொல்லவேண்டும் என்பதை நாடு இவ்வாறு பெருவிலை கொடுத்துக் கற்றது. 1913ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் தகுதி பெற்ற தணிக்கையாளரை வேண்டிற்று. 1918இல் பம்பாயில் கணக்கியலுக்கு அரசுப் பட்டயம் ஏற்பட்டது. 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அமைந்தது. விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற சென்னைப் பெண்மணி ஆர். சிவபோகம், 1933இல் அந்தப் பட்டயத் தேர்வில் வென்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்னும் பெயர் பெற்றார். கணக்குப்பிள்ளையின் மகனுக்கே உரியது என்றிருந்த தொழில், இவ்வாறு ஒரு பெண்ணின் கைக்கும் வந்தது.

மூன்றாவதாகிய தீயணைப்பைப் பாடம் என்று எண்ணுவோர் குறைவு. தீப்பிடித்தால் ஊரார் குடத்துடன் ஓடுவர். அதற்கு வகுப்பு எதற்கு என்பதே பழைய எண்ணம். 1686ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலே பெருந்தீயில் அழிந்து, பின்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில் மீண்டும் எழுந்தது. ஓலைக் கூரையும் மர உத்தரமும் நிறைந்த நாட்டில் தீ அடிக்கடி வரும் விருந்தாளி. 1824இல் எடின்பரோ நகரில் ஜேம்ஸ் பிரெய்ட்வுட், தச்சர், கொத்தர், கூரை வேய்வோர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து ஒரு படை அமைத்தார். கட்டடத்தைக் கட்டத் தெரிந்தவனுக்கே அது எப்படி எரிந்து விழும் என்பதும் தெரியும் என்பது அவர் கணிப்பு. துணிவோடு பயிற்சியும் வேண்டும் என்று நிறுவிய அவர், 1861இல் லண்டன் நகரத் தீ ஒன்றில் சுவர் இடிந்து உயிர் நீத்தார்.

பம்பாய் வாழ் தமிழர்களுக்கு 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாகச் சுமந்து நின்ற ‘போர்ட் ஸ்டிகைன்’ கப்பல் விக்டோரியா துறையில் வெடித்தது. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் மாண்டனர். அந்நாளையே நாடு இன்றும் தீயணைப்புப் பணியாளர் நினைவு நாளாகக் கொள்கிறது. 1956இல் ராம்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி தொடங்கி, அடுத்த ஆண்டே நாகபுரிக்கு மாறியது. கேரளத்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் தீயணைப்புப் படைக்குத் தனி நிலை தந்தது. ஆண்களுக்கே உரியதென்று கருதிய அந்த நாகபுரிக் கல்லூரியில் 2002இல் ஹர்ஷினி கன்ஹேகர் என்னும் பெண் சேர்ந்தார். 2003இல் தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையிலும் பெண் அதிகாரிகள் பணியேற்றனர். ஆனால் கல்லூரியும் சட்டமும் இருந்தும், 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் கீற்றுக் கூரைப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் வெந்து மடிந்தனர். பயிற்சி என்பது படையினரோடு நின்றுவிடாமல் ஆசிரியருக்கும், சமையற்காரருக்கும், கட்டடத்துக்கு உரிமம் தருபவருக்கும் சென்று சேரவேண்டும் என்பதை அத்துயரம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நான்காவது நிர்வாகம். ஆள்வது என்பது ஆளும் குடியில் பிறந்தவனுக்குத் தானே வரும் என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. திருக்குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தகுதியறிந்து பணியை ஒப்படைப்பது அரசனின் கலை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆனால் அது அரசனுக்குச் சொன்ன பாடம். அதனைச் சாமானியனும் கற்கலாம் என்று ஆனது இருபதாம் நூற்றாண்டில்தான். 1949இல் ஜாம்ஷெட்பூரிலும், 1953இல் கல்கத்தாவிலும், 1956இல் ஐதராபாத்திலும் இதற்கெனக் கல்விநிலையங்கள் தோன்றின. 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் எழுந்தன. கல்கத்தாக் கழகத்தின் முதல் இயக்குநர் கே. டி. சாண்டியும், அகமதாபாத் கழகத்தின் முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாயும் கேரளக் குடும்பங்களில் தோன்றியவர்கள். வெளிமாநிலத்தில் தொண்டு செய்தவர்கள் என்ற வகையில் அவர்கள் நம் நேயர்களுக்கு உறவினர் போன்றவர்களே.

இதுவரை சொன்னதில் பெருமை மிகுதி. இனிச் சொல்ல வேண்டியதோ சற்றுக் கசப்பானது. ஆனால் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1891ஆம் ஆண்டு ஜனவரியில் திருவிதாங்கூர் மகாராஜாவிடம் ஒரு விண்ணப்பம் சென்றது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட அதனை ‘மலையாளி மெமோரியல்’ என்பர். அரசின் உயர் பதவிகளை வெளியிலிருந்து வந்தவர்கள், சிறப்பாகத் தமிழ்ப் பிராமணர்கள், நிரப்பியிருக்கிறார்கள். மண்ணில் பிறந்தவர்களுக்கு இடமில்லை என்பது அதன் முறையீடு. 1896இல் டாக்டர் பல்பு 13,176 ஈழவர்களின் கையொப்பத்துடன் மற்றொரு விண்ணப்பம் அளித்தார். மருத்துவம் படித்திருந்தும் பிறப்பின் காரணமாகத் தம் நாட்டில் வேலை பெறாமல் மைசூர் சென்று பணியாற்றியவர் அவர். எழுத்தும் கணக்கும் கற்றவர்கள் தாம் கற்றதால் மட்டும் பதவியில் அமர்ந்திருக்கவில்லை. பிறர் கற்க இயலாதிருந்ததாலும் அமர்ந்திருந்தனர் என்பதை அவ்விரு விண்ணப்பங்களும் உணர்த்தின.

எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1966ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பம்பாயில் சிவசேனை தோன்றியது. அலுவலகங்களில் பணிபுரியும் தென்னாட்டவரின் பெயர்ப்பட்டியல்களை அதனைச் சார்ந்த வார இதழ் வெளியிட்டது. தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்திருந்த நம்மவர் அச்சத்தோடு அந்தப் பெயர்களைப் படித்தனர். உடுப்பி உணவகங்களின் மீது கல் விழுந்தது. சிபாரிசின்றித் திறமையொன்றையே நம்பி வந்தவர்களுக்கு அது அநீதியாகவே பட்டது. அவர்கள்மீது நடந்த வன்முறை அநீதியே. ஆயினும் முறையீட்டின் சொற்களைக் கேளுங்கள். திருவிதாங்கூரில் 1891இல் எழுந்த அதே சொற்கள் அல்லவா அவை? அன்று மேசையின் ஒரு பக்கம். இன்று அதே பக்கம். மேசை மட்டும் வேறு ஊரில்.

இதிலிருந்து நாம் கற்பது யாது? தேர்வு என்னும் வாயில் திறந்ததால் பிறப்பின் சுவர் இடிந்தது. ஆனால் அந்த வாயிலுக்கு வழிகாட்டும் பயிலகம் ஒரு சாராரின் தெருவில் மட்டும் இருக்குமானால், வாயிலே மீண்டும் சுவராகிவிடும். எந்தத் திறமையையும் குலச்சொத்து ஆகாமல் காப்பது அதனைப் பக்கத்து வீட்டாருக்கும் கற்பிப்பதே. வெளிமாநிலத் தமிழர் இதனை அறியாதவர் அல்லர். டில்லியில் 1923இல் தொடங்கிய கல்விச் சங்கம் இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்துள்ளது. மாதுங்காவில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் எழுந்தது. நம் பிள்ளைகளுக்காக எழுந்த அப்பள்ளிகளில் பிறமொழிப் பிள்ளைகளும் அமர்ந்து படித்தனர். பகைக்குச் சரியான மறுமொழி அந்தப் பெஞ்சுகளே.

எல்லையூர்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1956இன் கோட்டுக்கு அப்பால் அரசுத் தட்டெழுத்தர் வேலைக்குத் தமிழும் ஆங்கிலமும் வேண்டும்; இப்பால் மலையாளமும் ஆங்கிலமும் வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத வழிவகுத்துள்ளது. ஆனால் எழுதும் உரிமை வேறு, அந்த எழுத்தால் பிழைக்கும் வாய்ப்பு வேறு. வீட்டில் தமிழ் பேசும் காரக்கோணத்துப் பிள்ளை, எந்த எழுத்தை விரல்களுக்குப் பழக்குவது என்று முடிவு செய்யும்போதே எந்தத் திசையில் வாழ்வது என்றும் முடிவு செய்கிறது. இருமொழியையும் பழக்கிய பிள்ளைக்கு இரு திசையும் திறந்திருக்கும். எல்லையில் பிறந்ததன் இழப்பை ஆதாயமாக்கும் வழி அதுவே.

காலம் பொறிகளையும் மாற்றிவிட்டது. 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவின் முதல் தட்டெழுத்துப் பொறியைச் செய்தது. 2009இல் அந்த உற்பத்தியை நிறுத்தியது. இன்று கணிப்பொறி அந்த மேசையில் அமர்ந்துள்ளது. கணக்குப் பதிவும் அதனுள் சென்றுவிட்டது. தொழிற்பாதுகாப்பும் தீயணைப்பும் கற்பிக்கும் தனியார் நிலையங்கள், வளைகுடா வேலையைச் சுட்டிக்காட்டி, இரு மாநிலங்களிலும் பெருகியுள்ளன. அவற்றுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. கட்டணம் செலுத்துமுன், இந்தச் சான்றிதழை ஏற்பவர் யார், அதற்குப் பின்னே நின்று தேர்வு நடத்துபவர் யார் என்று ஊரிலுள்ள தம்பி தங்கையருக்காக விசாரித்துச் சொல்லுங்கள். சான்றிதழின் மதிப்பு அதன் காகிதத்தில் இல்லை. அதற்குப் பின்னால் உள்ள அளவுகோலில் இருக்கிறது. பழைய தேர்வுகளை மக்கள் நம்பியது, அந்தக் கடிகாரம் யாருக்காகவும் மெதுவாக ஓடாது என்பதனால்தான்.

அன்பர்களே, உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் மாலை வேளையில் ஒழிந்து கிடக்கும் ஓர் அறை இருக்கும். கணக்கில் தேர்ந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் இருப்பார். அந்த அறையில் ஒரு வகுப்பைத் தொடங்குங்கள். அதில் நம் பிள்ளைகளோடு அந்தத் தெருவின் பிள்ளைகளும் வந்து அமரட்டும். ஊருட்டம்பலத்தில் ஒரு சிறுமி பெஞ்சில் அமர்வதற்காக ஒரு தலைவர் அவள் கைப்பிடித்து நடந்தார். நாம் அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும்.